சோற்றோடு சேர வேண்டிய மாத்திரை

மாத முதல் வாரம், சிறுநீரகம் செயலிழந்து எங்களிடம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் மேசைக்கு வரும். பாஸ்பேட் கட்டத்தில் 5.5-ஐத் தாண்டியவர்களைத்தான் என் கண் முதலில் தேடும். அந்த மாதம் ஒருவருக்கு 8.2. ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். முதுகு முழுக்கச் சொறிந்த தழும்புகள்.

பாஸ்பேட்டைக் குறைக்க மூன்று மாதமாகக் கால்சியம் அசிடேட் மாத்திரை கொடுத்து வந்தேன். பாஸ்பேட் இறங்கவில்லை, கால்சியம்தான் 10.6-க்கு ஏறியிருந்தது. இன்னும் கொடுத்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். அதே வேலையைச் செய்யும் செவலமர் மாத்திரைக்கு மாற்றலாம், அதில் கால்சியம் இல்லை. ஆனால் விலை அதிகம், மலச்சிக்கல் வேறு. டயாலிசிஸைக் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. இந்த மாத்திரைக்கு அவர்தான் பணம் கொடுக்க வேண்டும். இன்னொரு மாற்று மாத்திரையான லாந்தனத்தை மென்று தின்ன வேண்டும்; எங்கள் ஊர்க் கடைகளில் சொல்லிவைத்தால்தான் வரும்.

'வேளைக்கு ஒன்று' என்று எழுதப் போனபோது பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர் அவரிடம் கேட்டார்: "அண்ணே, மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?"

"காலையில் வண்டி எடுக்கும்போது மூன்றையும் சேர்த்துப் போட்டுவிடுவேன் சிஸ்டர். மறந்துபோகுமே."

"சாப்பாடு?"

"காலையில் டீ மட்டும். சோறு மூன்று மணிக்கு, ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில். அப்புறம் ராத்திரி வீட்டில்."

எனக்குச் சுருக்கென்றது. உணவில் வரும் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. வெறும் வயிற்றில் பிடிக்க ஒன்றுமில்லை. கால்சியம் நேரே ரத்தத்துக்குப் போயிருக்கிறது. என் பழைய சீட்டில் 1-1-1 என்று மட்டும் இருந்தது. 'சாப்பாட்டின் நடுவே' என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. நான்கு மணி நேர டயாலிசிஸ் வெளியேற்றும் பாஸ்பேட் ஒரு கிராமுக்கும் குறைவு. நாள்தோறும் சாப்பாட்டில் வருவதே ஏறக்குறைய அவ்வளவு. வாரம் மூன்று முறை இயந்திரத்தில் படுத்தாலும் கணக்கு உதைக்கும்.

கால்சியம் ஏறியிருந்ததால் அதை நிறுத்திவிட்டேன். செவலமர் 800 மில்லிகிராம்: மூன்று மணிச் சோற்றோடு இரண்டு, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று, காலை டீக்கு எதுவும் இல்லை. எந்த மருந்து என்று யோசித்த அளவுக்கு அவருடைய இலையில் எந்த வேளை என்ன விழுகிறது என்று நான் யோசித்திருக்கவில்லை.

அடுத்த மாதம் 6.3. இன்னும் இறங்க வேண்டும். மாத்திரை அட்டையை ஆட்டோவில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதாகச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்:

"மெஸ்ஸில் கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்றைக்கு மூன்றாகப் போட்டுக்கொள்ளலாமா சார்?"

"கருவாட்டில் உப்பும் இருக்கிறது அண்ணே" என்றார் செவிலியர், எனக்கு முன்பாக.