பழனிமலையில் பாசி தேடி: மழைக்கால நாட்குறிப்பு

அக்டோபர் 19, வட்டக்கானல் (கொடைக்கானல் அருகே)

விடியற்காலையிலிருந்து விடாத தூறல். பாசி பார்க்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது. குளத்துப் பாசி இல்லை, மரத்திலும் பாறையிலும் படரும் மாஸ், லிவர்வொர்ட் என்ற வேரில்லாத குட்டிச் செடிகளைத்தான் பாசி என்கிறேன். வெயிலில் சுருண்டு கிடந்த மாஸ்களெல்லாம் தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்திலேயே இலை விரித்துவிடும், அப்போது லென்ஸை வைத்தால் நடுநரம்பு இருக்கிறதா, இலைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வனத்துறை அனுமதி கையில் இருந்தது. துணைக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்தார்.

பாம்பார் சோலைக்குள் ஓடையோரப் பாறை முழுக்க டுமார்டியேரா என்ற தட்டையான லிவர்வொர்ட், கரும்பச்சையாக. கொஞ்சம் தள்ளி ஒரு புதர்ச்செடியின் இலைமேலேயே லெஜூனியேசி குடும்பத்து லிவர்வொர்ட் ஒட்டி வளர்ந்திருந்தது, வெறும் கண்ணுக்குத் தூசி படிந்த மாதிரிதான் தெரியும். காற்றில் ஈரம் விடாமல் நிற்கிற இடத்தில்தான் இப்படி இலைமேல் வளர்கிறவை பிழைக்கும். இந்தச் சோலை இன்னும் உள்ளே ஈரத்தோடு இருக்கிறது என்பதற்கு எனக்கு அந்த ஒரு இலை போதும்.

காவலர் ஒரு பெரிய மரத்தைத் தட்டிக் காட்டினார். “இந்தப் பக்கம் மழைத்தண்ணி வழியுற தடம் மேடம், சித்திரையிலகூடக் காயாது.” அந்தத் தடத்தில் மட்டும் பாசி விரல் கனத்துக்கு இருந்தது. “அண்ணே, இதை அப்படியே எழுதிக்கிறேன்” என்று குறிப்பேட்டில் ஏற்றினேன்.

அக்டோபர் 20

அறையிலேயே வேலை. முதலில் லிவர்வொர்ட்டுகள்தான், ஏனென்றால் அவற்றின் செல்களுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகளின் வடிவமும் எண்ணிக்கையும் இனம் காண உதவும், காய்ந்தால் பெரும்பாலும் அவை மறைந்துபோகும். மாஸ் காத்திருக்கும். செய்தித்தாள் உறையில் காய்ந்து பல வருடம் கிடந்தாலும் நனைத்தால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் பையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

ஃப்ருல்லானியா என்ற லிவர்வொர்ட்டின் ஒவ்வொரு இலைக்கும் அடியில் தலைக்கவசம் போல ஒரு குட்டிப் பை இருக்கும், தண்ணீர் தங்குவதற்கு. இன்று பார்த்த ஒரு பைக்குள் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்விலங்கு ஒன்று தலையை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறிப்போனது.

அக்டோபர் 22, செண்பகனூர் போகும் வழி

சருகு எரித்த இடத்தில் ஃபுனேரியா என்ற மாஸ் கூட்டமாக முளைத்திருந்தது, தீப்பட்ட மண் அதற்கு ரொம்பப் பிடிக்கும். முற்றிய வித்துப்பை ஒன்றின் மூடி விழுந்திருந்தது, வாயைச் சுற்றி வெளிவரிசையில் 16 பற்கள். மூச்சுக் காற்று பட்டதும் பற்கள் அசைந்தன, காம்பும் மெல்லத் திரும்பியது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப வித்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் ஏற்பாடு இது.

செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபொரோ, பழனிமலையின் மாஸ்களைப் பற்றி 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதியதுதான் எனக்கு அடிப்படை. அவர் பார்த்தவற்றில் எவை இன்னும் இருக்கின்றன என்று தேடுவதுதான் இந்த வேலையின் பாதி. வழியில் பைன் தோப்புக்குள்ளும் நுழைந்து பார்த்தேன், கெட்டியான ஊசிச் சருகு, உரிந்து விழும் பட்டை, பாசி என்று சொல்லவே ஒன்றும் இல்லை.

அக்டோபர் 24

மனசு சரியில்லை. சோலை ஓரத்தில் ஒரு மரத்தின் பாசியை ஆளுயரத்துக்கு யாரோ சுத்தமாக உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அதோடு சேர்ந்து சின்ன ஆர்க்கிட் கன்றுகளும் பெரணிகளும் போய்விட்டன. வேரே இல்லாத செடி, உடம்பு முழுக்க மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது, அதன் மேல்தான் மற்றதெல்லாம் கால் ஊன்றுகிறது. ஒரு நிமிடத்தில் உரித்தது மறுபடி வளர வருடக்கணக்காகும்.

மரத்தின் இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, பட்டையில் நான்கு பக்கமும் சின்னச் சதுரம் அளந்து படம் எடுத்தேன். அடுத்த மழைக்காலத்தில் இதே சதுரங்களில் எது முதலில் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும், மாஸா லிவர்வொர்ட்டா என்று. உரிக்காத பக்கத்து மரத்திலும் அதேபோல் நான்கு சதுரம் குறித்திருக்கிறேன். அப்புறம் பேரிஜம் ஏரிப் பக்கம் போக அனுமதிக்கு எழுதியாயிற்று.