பூட்டப்படாத பெட்டகம்

அமெரிக்காவின் மின்னசோட்டா 1858-இல்தான் மாநிலமானது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பு கேனன் ஆற்றங்கரையில் ஜான் நார்த் என்பவர் உருவாக்கிய ஊர் நார்த்ஃபீல்டு. ஆற்று நீரின் விசையில் ஓடிய மாவாலையும், சுற்றிலும் புதிதாகத் திருத்திய கோதுமை நிலங்களும், கார்ல்டன் கல்லூரியும் கொண்ட அந்த ஊரின் பணம் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியில் இருந்தது. அந்த வங்கியின் பேச்சை எடுத்தால் பலரும் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வங்கிக் கவுன்ட்டரில் சில ஆண்டுகள் பணம் எண்ணிய எனக்கோ, அங்கே கணக்கு எழுதிய ஜோசஃப் லீ ஹேவுட்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

அந்நாளைய அமெரிக்க வங்கிகளில் காஷியர் என்பவர் ஏறக்குறைய நம் கிளை மேலாளருக்கு நிகரானவர். 1876 செப்டம்பர் 7 அன்று நார்த்ஃபீல்டின் காஷியர் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போயிருந்ததால், அவருடைய பொறுப்பையும் ஹேவுட் பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பகலில் ஜெஸ்ஸி ஜேம்ஸின் கூட்டத்தார் 8 பேர் குதிரைகளில் வந்தார்கள். 3 பேர் உள்ளே நுழைந்து துப்பாக்கியை நீட்டிப் பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார்கள். ஒருவன் காப்பறைக்குள் கால் வைத்தபோது ஹேவுட் அதன் கதவைச் சாத்தி அவனை உள்ளேயே அடைக்கப் பார்த்தார். பிறகு, குறித்த நேரத்தில் மட்டுமே திறக்கும் நேரப் பூட்டு போட்டிருப்பதால் இப்போது திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

உண்மையில் காப்பறைக்குள் இருந்த பெட்டகத்தின் தாழ்கள் மட்டுமே விழுந்திருந்தன; எண் பூட்டு சுழற்றப்படவில்லை. கைப்பிடியைத் திருப்பியிருந்தாலே அது திறந்திருக்கும். கழுத்தில் கத்தியால் கீறியும், தலையருகே சுட்டு மிரட்டியும் அவர் தம் சொல்லை மாற்றவில்லை. மூவரில் ஒருவனுக்கும் அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவுமில்லை. வெளியேறும்போது அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள். கையோடு கொண்டுபோனது 26 டாலர் 70 சென்ட்.

அந்தப் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வைப்புத்தொகைக்குக் கூட்டாட்சி அரசின் காப்பீடு 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. 1876-இல் பெட்டகம் காலியானால் உழவனின் அறுவடைப் பணம் போனது போனதுதான். ஹேவுட் கார்ல்டன் கல்லூரியின் பொருளாளரும்கூட. பெட்டகத்தில் இருந்தது யார் யாருடைய பணம் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த ஊரில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

வெளியே ஊரார் சும்மா இருக்கவில்லை. இரும்புக் கடைக்காரர் மானிங் தெருமுனையில் நின்றும், மருத்துவ மாணவர் ஹென்றி வீலர் எதிரிலிருந்த விடுதியின் மாடி ஜன்னலிலிருந்தும் சுட்டதில் கொள்ளையரில் இருவர் தெருவிலேயே மாண்டார்கள். 2 வாரம் கழித்து மடீலியா அருகே சதுப்பு நிலத்தில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த யங்கர் சகோதரர்கள் மூவரும் பிடிபட்டார்கள்; ஜெஸ்ஸியும் அவன் அண்ணன் ஃபிராங்க் ஜேம்ஸும் தப்பினார்கள்.

ஹேவுட்டின் மனைவிக்கும் சிறு மகளுக்கும் அமெரிக்காவின் பல வங்கிகள் பணம் திரட்டி அனுப்பின. வங்கி இருந்த கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் நார்த்ஃபீல்டு மக்கள் எடுக்கும் விழாவுக்கு ஜெஸ்ஸி ஜேம்ஸின் தோல்வி நாள்கள் என்று பெயர். ஹேவுட்டோடு, அன்று தெருவில் குண்டடிபட்டுச் சில நாளில் இறந்த சுவீடன் குடியேறி நிக்கலஸ் குஸ்தாஃப்சனையும் அவ்விழாவில் நினைவுகூர்கிறார்கள்.