பன்றி ரசீது

சீரியல் முடித்துவிட்டு வந்த அம்மா, “இவன் யார், வங்கி மேலாளரா?” என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்ததில் ஆரம்பித்தது வினை. ‘எல்.ஏ. நுவார்’ 2011-இல் வந்த துப்பறியும் வீடியோ விளையாட்டு. தள்ளுபடியில் எனக்கு இப்போதுதான் வாய்த்தது. கோட்டும் தொப்பியுமாக நின்றவர் கோல் ஃபெல்ப்ஸ், போர்முனையிலிருந்து திரும்பி 1947-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் வேலை பார்ப்பவர் என்று சொன்னேன். “பிணத்துக்கு முன்னால்கூடத் தொப்பியைக் கழற்ற மாட்டானா?” என்றார்.

அன்று வந்த வழக்கு இது. கைவிடப்பட்ட கார், உள்ளே ரத்தம், ஆளைக் காணவில்லை. பணப்பை, மூக்குக்கண்ணாடி, கூடவே உயிருள்ள பன்றி வாங்கிய ரசீது ஒன்று. தடயத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியான பக்கம் வந்தால் நான் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி அதிரும். அம்மா கத்தரிக்காய் வாங்குவதும் ஏறக்குறைய இதே முறையில்தான். ரசீதை நான் படித்துக் காட்டியதுதான் தாமதம். “அது பன்றி ரத்தம். அவன் எவளோடோ ஓடிவிட்டான். அடுத்த வழக்கைப் போடு.”

அடுத்ததை எப்படிப் போடுவது? அம்மாவுக்குத் தெரிந்தது ஃபெல்ப்ஸுக்குத் தெரிய வேண்டுமே! காணாமல் போனவனின் மனைவியைப் பார்க்க வேண்டும், மதுக்கடைக்குப் போக வேண்டும், நண்பனைத் தேட வேண்டும், ரத்தம் மனித ரத்தமல்ல என்று ஆய்வகம் சொல்லும்வரை ஒன்றும் தெரியாததுபோல் ஊரைச் சுற்ற வேண்டும். பார்ப்பவருக்கு மூளை இருந்தால் இந்த விளையாட்டில் பெரிய தண்டனை அதுதான்.

ஊர் என்னவோ அழகு. பழைய லாஸ் ஏஞ்சலஸைத் தெருத்தெருவாகக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் இறங்கிப் போய்ச் செய்யப் பெரிதாக ஒன்றுமில்லை, சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நான் சாய்த்த விளக்குக் கம்பங்களுக்கெல்லாம் வழக்கு முடிவில் கணக்கு எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். “அந்த இன்னொரு போலீஸ்காரனை ஓட்டச் சொல்லேன்” என்றார் அம்மா. அதற்கும் வசதி இருக்கிறது. அதன் பிறகு என்னை ஓட்டவே விடவில்லை.

முகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 32 கேமராக்களைச் சுற்றி வைத்து நிஜ நடிகர்களின் முகங்களைப் பிடித்திருக்கிறார்கள். பொய் சொல்பவர் எச்சில் விழுங்குவதும், கண்ணைக் கூரைப் பக்கம் திருப்புவதும், உதட்டோரம் இழுத்துக்கொள்வதும் அப்படியே தெரிகிறது. (“கழுத்துக்குக் கீழே வேறு ஆள்” என்று அம்மா சொன்னதும் சரிதான், உடம்பைத் தனியாகப் படம்பிடித்து ஒட்டினார்கள்.) பொய்யை அம்மா நொடியில் பிடித்துவிடுவார். சீட்டுப் பணம் கட்டியாகிவிட்டது என்று அப்பா சொல்லும்போது கேட்டுப் பழகிய காது.

பொய் என்று தெரிந்து என்ன பயன்? விசாரணையில் ஒவ்வொரு பதிலுக்கும் உண்மை, சந்தேகம், பொய் என்று மூன்று பொத்தான்கள். ‘பொய்’ என்று அழுத்தினால் கையில் ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லையே, லேசாகச் சந்தேகப்படுவோம் என்று அதை அழுத்தினால், அதுவரை நாகரிகமாகப் பேசிக்கொண்டிருந்த ஃபெல்ப்ஸ் எதிரே அழுதுகொண்டிருக்கும் பெண்மணியைப் பார்த்துக் கத்துகிறார். வசனம் எழுதும்போது அது ‘அதட்டும்’ பொத்தானாக இருந்ததாம். பிறகு பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். “உனக்கு என்னடா இவ்வளவு கோபம்?” என்று அம்மா கேட்டது ஃபெல்ப்ஸையா என்னையா என்று இன்னும் புரியவில்லை. அப்பா மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார்.

கொலைப் பிரிவுக்கு மாறியதும்தான் உண்மையான சண்டை. சில வழக்குகளில் இரண்டு பேரில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். “இரண்டு பேருமே இல்லை, முகத்தைப் பார்” என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொன்னார். மூன்றாவதாக ஒரு பொத்தான் இல்லையே! கடைசியில் பார்த்தால் எல்லாக் கொலைகளையும் செய்தவன் வேறொருவன். அதே 1947-இல் அதே ஊரில் நிஜமாகவே நடந்து இன்றுவரை துலங்காத எலிசபெத் ஷார்ட் கொலையையும் அவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆள் பெரிய அரசியல்வாதிக்கு உறவாம். அதனால் மேலதிகாரி விஷயத்தை அப்படியே அமுக்கிவிடுகிறார்.

நான் கொதித்துப்போனேன். அம்மா முதல் முறையாகத் திருப்தியோடு தலையசைத்தார். “இது ஒன்றுதான் நம்பும்படி இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத் தோசைக்கு அரைக்க எழுந்துபோனார். இனிமேல் வர மாட்டாராம். போதைப்பொருள், சூதாட்டம் போன்றவற்றைப் பார்க்கும் பிரிவும் தீவைப்புப் பிரிவும் அப்படியே பாக்கி. எதிரில் இருப்பவர் எச்சில் விழுங்கினால் அது பொய்யா, தாகமா என்று நான் யாரைப் போய்க் கேட்பது?