சாம்பல் பையும் ஐந்து தோட்டாக்களும்

முகாமிலிருந்து கிளம்பி நூறு அடிகூட நடந்திருக்க மாட்டோம். முன்னால் சென்ற வழிகாட்டி நின்று, இடுப்பில் கட்டியிருந்த பழைய காலுறை ஒன்றை எடுத்து உதறினார். முந்தைய இரவு எரிந்த விறகின் சாம்பல் அதற்குள் இருந்தது. புகைபோல் எழும்பிய அந்தத் தூள் சற்று நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு எங்கள் முகத்தை நோக்கி மெல்ல நகர்ந்து வந்ததும் அவர் நிறைவுடன் தலையசைத்தார். காற்று எதிரிலிருந்து வருகிறது, ஆகவே முன்னால் எது மேய்ந்துகொண்டிருந்தாலும் அதன் மூக்குக்கு எங்கள் வாடை எட்டாது என்பது அந்தத் தலையசைப்பின் பொருள். அடுத்த ஐந்து நாட்களில் அந்தக் காலுறை எத்தனை முறை உதறப்பட்டது என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நூறைத் தாண்டியிருக்கும்.

சாம்பியாவின் கிழக்குப் பகுதியிலுள்ள தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில், ஒரு செப்டம்பர் மாத நடுவில் மேற்கொண்ட நடைப்பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கென்யாவின் மசாய் மாராவில் 'நடை சஃபாரி' என்று ஒன்றுக்குப் பணம் கட்டி ஏமாந்திருக்கிறேன். பயண முகவர் அனுப்பிய பட்டியலில் அது கொட்டை எழுத்தில் இருந்தது. அங்கே போன பிறகுதான், மாரா காப்பகத்துக்குள் வண்டியை விட்டு இறங்கி நடப்பதற்கே அனுமதி இல்லை என்பது தெரிந்தது. விடுதியின் வேலியை ஒட்டி அரை மணி நேரம் எங்களை நடக்கவைத்து, இரண்டு செடிகளின் பெயரைச் சொல்லி, திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். கென்யாவின் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் இதே விதிதான். கால்நடையாகவும் மிதிவண்டியிலும் சுற்ற இடமளிக்கும் ஹெல்ஸ் கேட் பூங்கா ஒரு விலக்கு. எனவே காட்டில் நடப்பதற்காகவே ஆப்பிரிக்கா செல்பவர்கள், விலங்குகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு அந்தப் பூங்காவின் விதிகளைப் பார்க்க வேண்டும்.

நடப்பதற்கு இடம் கொடுக்கும் பூங்காக்கள் தெற்கிலும் கிழக்கிலும் பல உள்ளன. தென்னாப்பிரிக்காவின் இம்ஃபொலோசி காப்பகத்தில், வனவிலங்குப் பாதுகாவலர் இயன் பிளேயரும் ஜூலு வனக்காவலரான மகூபு உந்தொம்பேலாவும் 1959-இலேயே பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் சென்றார்கள். க்ரூகர் பூங்காவின் முதல் வனநடைப் பாதை 1978-இல் திறக்கப்பட்டது. ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ், தக்க அனுமதி பெற்றவர்களை வழிகாட்டி இல்லாமலே நடக்க விட்டதால் பெயர் பெற்றது. அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இவற்றை விட்டு லுவாங்வாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் வரலாறும் ஒரு காரணம். வடக்கு ரொடீஷியா என்ற பெயரில் நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது, வனவிலங்குத் துறையில் பணியாற்றிய நார்மன் கார் என்பவர், 1950-இல் குண்டா மக்களின் தலைவரான உன்செஃபுவின் இசைவைப் பெற்று, அம்மக்களின் நிலத்திலேயே பயணிகளுக்கான முகாம் ஒன்றை அமைத்தார். வேட்டைக்காகவே வெளிநாட்டவர் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. கொல்லாமல் வெறுமனே பார்ப்பதற்கு ஒருவன் பணம் கொடுப்பான் என்பதும், அந்தப் பணம் அங்கு வாழும் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அன்று பலருக்கு விசித்திரமாகவே பட்டிருக்கும். இன்று உலகெங்கும் சொல்லப்படும் 'நடை சஃபாரி' இந்த லுவாங்வா ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் உருப்பெற்றது என்பார்கள். 1972-இல் தேசியப் பூங்காவான இந்நிலத்தின் பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர்.

மற்றொரு காரணம் ஆறு. அணை எதுவும் குறுக்கிடாத லுவாங்வா, மழைக்காலந்தோறும் கரையைத் தின்று பாதையை மாற்றிக்கொள்கிறது. விட்டுப்போன பழைய வளைவுகள் பிறை வடிவக் குட்டைகளாகத் தேங்கி நிற்கின்றன. மே மாதத்துக்குப் பிறகு மழை இல்லை. உள்காட்டின் நீர்நிலைகள் ஒவ்வொன்றாக வற்ற, விலங்குகள் ஆற்றையும் இந்தக் குட்டைகளையும் நோக்கி இறங்கி வருகின்றன. புல்லும் காய்ந்து தாழ்ந்துவிடுவதால், நடப்பவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது தெரிகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை நடைக்கு உகந்த காலம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காலை ஆறு மணிக்கு வரிசை கிளம்பும். முதலில் துப்பாக்கியுடன் வனத்துறைக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னர் நாங்கள் ஐந்து பேர், கடைசியாகத் தேநீர்க் கூடையைச் சுமந்து வரும் இளைஞர். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். பேச வேண்டுமானால் விரலைச் சொடுக்கி வரிசையை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. எது எதிர்ப்பட்டாலும், வழிகாட்டி சொல்லாமல் ஓடக் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் வழிகாட்டி ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாகப் பார்த்தார்.

வண்டியில் சுற்றிப் பழகியவருக்கு முதல் நாள் ஏமாற்றமாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று மணி நேரத்தில் இம்பாலா மான் கூட்டம் ஒன்று, ஆற்றோரப் புல்வெளியில் பூக்கு மான்கள் சில, வெகுதொலைவில் ஒட்டகச்சிவிங்கிகள் இரண்டு, அவ்வளவுதான். அந்த ஒட்டகச்சிவிங்கி இனம் இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை என்று தெரிந்தும் மனம் நிறையவில்லை. வண்டிக்குப் பத்தடி தூரத்தில் படுத்துக் கொட்டாவி விடும் சிங்கம், அதே இடத்துக்கு மனிதன் நடந்து வந்தால் நூறு மீட்டருக்கு முன்பே எழுந்து போய்விடுகிறது. இரும்புப் பெட்டிக்குள் இருப்பவனை அது மனிதனாகக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு காலில் வருபவனை அது நன்றாக அறியும். ஆகவே நெருக்கமான புகைப்படம் வேண்டுபவர்கள் வண்டியிலேயே போவது நல்லது. நான் சுமந்து சென்ற கனமான லென்ஸ் இரண்டாம் நாளிலிருந்து கூடாரத்திலேயே கிடந்தது.

இரண்டாம் நாள்தான் தரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பாதையில் கிடந்த யானை இலண்டத்தின் மீது வழிகாட்டி புறங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே இன்னும் சூடு இருந்தது. அதைப் பிட்டுக் காட்டியபோது, செரிக்காத கருங்காலிப் பழங்கள் தோல்கூடக் கிழியாமல் இருந்தன. யானை தின்பதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடுகிறது என்று படித்தது, பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அருகில் முன்னங்கால் தடம் ஒன்று, உள்ளங்காலின் வெடிப்புக் கோடுகள் முதற்கொண்டு, மாவில் அச்சுப் பதித்ததுபோல் இருந்தது. வழிகாட்டி பையிலிருந்து கயிறொன்றை எடுத்துத் தடத்தின் விளிம்பைச் சுற்றி அளந்தார். அந்த நீளத்தை இரட்டித்து, கயிற்றின் நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு மறுநுனியைக் கையால் உயர்த்தினார். அது என் தலைக்கு மேல் ஒரு முழத்துக்குப் போயிற்று. முன்னங்கால் சுற்றளவைப் போல் இருமடங்கு யானையின் தோள் உயரம். யானையைக் காணாமலே அதன் உயரத்துக்குக் கீழே நின்றிருந்தேன்.

அந்தத் தடத்தின் ஓரத்து மென்மணலிலேயே, புனல் வடிவில் சின்னஞ்சிறு குழிகள் நாலைந்து இருந்தன. எறும்பு விழுவதற்காக அடியில் காத்திருக்கும் பூச்சியின் குழிகள் அவை. ஆங்கிலத்தில் அதை எறும்புச் சிங்கம் என்பார்கள். நாம் குழியானை என்கிறோம். யானையின் காலடிக்குள் குழியானை வீடு கட்டியிருப்பதை என் குழுவினருக்கு விளக்க முயன்றேன். மொழிபெயர்ப்பில் அந்தச் சுவை முழுவதும் வடிந்துபோயிற்று.

கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும் இடமும் காட்டில் உண்டு. மூன்றாம் நாள் உயரமான புதர் ஒன்றைச் சுற்றப் போனபோது, உள்ளிருந்து 'ட்ஸிஸ்ஸ்' என்று நெருப்பில் நீர் பட்டதுபோல் ஓர் ஒலி எழுந்தது. காவலர் அப்படியே நின்றார். காட்டெருமையின் முதுகில் அமர்ந்து உண்ணி பொறுக்கும் சிறு பறவைகளின் எச்சரிக்கை அது. பறவை இருக்கிறதென்றால் அதைச் சுமப்பதும் இருக்கிறது. கூட்டத்தை விட்டுத் தனித்துத் திரியும் கிழட்டு ஆண் எருமைகள், மனிதனைக் கண்டு விலகுவதா பாய்வதா என்று கணிக்க முடியாதவை. நாங்கள் வந்த வழியே முப்பதடி பின்வாங்கி, பெரிய வட்டமடித்துக் கடந்தோம். அந்த எருமையின் கொம்பைக்கூட நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் என் நெஞ்சு வேகமாக அடித்த இரண்டு தருணங்களில் அது ஒன்று.

மற்றது நான்காம் நாள் காலை நேர்ந்தது. "ன்ஜோவு" என்று வழிகாட்டி மெல்லச் சொன்னார். அந்தப் பகுதியின் நியாஞ்சா மொழியில் யானைக்குப் பெயர் அது. அறுபது மீட்டர் தள்ளி, சிவகுண்டல மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பூக்களை ஒரு தாயும் குட்டியும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. தாய்க்குத் தந்தம் இல்லை. பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இதன் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தந்தத்துக்காக இங்கே நடந்த கொலைகளில், தந்தமில்லாமல் பிறந்தவை தப்பிப் பெருகின. பெண் யானைகளில் தந்தமற்றவை 1969-இல் ஏறத்தாழ 10 விழுக்காடு. 1989-இல் அது 38 விழுக்காட்டை எட்டியிருந்தது. காண்டாமிருகத்துக்கு அத்தகைய தப்பிக்கும் வழி வாய்க்கவில்லை. பள்ளத்தாக்கில் அது அடியோடு அழிந்து, 2003 முதல்தான் வடக்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் வெளியிலிருந்து கொண்டுவந்து மீண்டும் விடப்பட்டது.

தந்தமற்ற பெண் யானைகள் முன்கோபம் மிக்கவை என்பது அங்குள்ள வழிகாட்டிகளின் பொதுவான கருத்து. நாங்கள் மூச்சடக்கி நின்றிருந்தபோது காற்று சட்டென்று திரும்பியது. சாம்பல் இப்போது யானையை நோக்கிப் போயிற்று. தாய் மெல்லுவதை நிறுத்தித் துதிக்கையை வளைத்து உயர்த்தியது. காதுகள் விரிந்தன. குட்டி அதன் வயிற்றடியில் ஒதுங்கியது. வழிகாட்டி எங்களை நோக்கித் திரும்பாமலே பின்னால் கையசைக்க, காற்றுக்குக் குறுக்காக நடந்து கரையான் புற்று ஒன்றின் பின்னால் போய்ச் சேர்ந்தோம். யானை தலையை ஒருமுறை உதறி, நாலடி முன்னால் வந்து, புழுதி கிளப்பி, பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு புதருக்குள் சென்றது. எங்களுள் ஒருவர் மகிழ்ச்சி தாளாமல் வழிகாட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரோ முகம் வாடியிருந்தார். அது நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது, நாம் கெடுத்துவிட்டோம், காற்றை இன்னும் முன்பே பார்த்திருக்க வேண்டும், தவறு என்னுடையது என்றார். நாங்கள் வந்துபோனது விலங்குக்கே தெரியாத சந்திப்புதான் அவர் கணக்கில் நல்ல சந்திப்பு. எத்தனை அருகில் போனோம் என்பதைப் பெருமையாகச் சொல்லும் வழிகாட்டிகளையும் நான் கண்டதுண்டு; அவர்களுடன் இனி நடக்க மாட்டேன்.

உடையைப் பற்றி ஒரு சொல். நீலமும் கறுப்பும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள். ஈயைப் பிடிக்கத் தொங்கவிடும் பொறித்துணிகளே அந்த நிறங்களில்தான் இருக்கும். இது தெரியாமல் கருநீலச் சட்டை அணிந்து சென்ற நான், மற்ற நால்வர் பங்கையும் சேர்த்துக் கடி வாங்கினேன். அந்த ஈ துணிக்கு மேலேயே கடிக்கும். மலேரியாத் தடுப்பு மாத்திரை குறித்துக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொதுவாக நடைக்குச் சேர்ப்பதில்லை.

ஐந்தாம் நாள் மாலை ஆற்றங்கரைக்குப் போனோம். செங்குத்தான மண்சரிவில் நூற்றுக்கணக்கான வளைகள். அவற்றைச் சுற்றிச் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் தீப்பொறிகளாகப் பறந்துகொண்டிருந்தன. மழைக்கு முன் ஆறு தாழ்ந்திருக்கும் மாதங்களில் வந்து, ஆறு அரித்துவைத்த கரையிலேயே துளையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் இவை. கீழே நீர்யானைகள் கூட்டமாகக் கிடந்து உறுமின. தேநீரைக் குடித்தபடி காவலரிடம், பணியில் எத்தனை முறை சுட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பயிற்சித் திடலில் மட்டும்தான் என்றார், ஒன்பது ஆண்டுகளில்.

முகாமுக்குத் திரும்பியதும் அவர் மரத்தடியில் அமர்ந்து, துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துணியால் துடைத்து, மரக்கட்டையின் மேல் வரிசையாக வைத்தார். நாள்தோறும் கைபட்டுத் தேய்ந்த பித்தளை பொன்போல் மின்னியது. விரலால் தொட்டு எண்ணி, பதிவேட்டில் ஐந்து என்று எழுதிக் கையொப்பமிட்டு, பையில் போட்டு முடிந்துகொண்டு, மக்காச்சோள மாவில் கிண்டிய ந்ஷிமா ஆறிப்போகும் என்று சொல்லிச் சமையற்கூடத்தை நோக்கி நடந்தார்.