எட்டாவது கேள்வி

மே பிறந்தால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டும். நான் பார்த்துக்கொண்ட கொள்முதல் மென்பொருளுக்கும் அப்போதுதான் வேலை. சீசன் முடிந்தால் தூக்கம். அதற்காக வருடம் முழுக்க ஆபீஸ் மூலையில் ஒரு சர்வர், அதற்கொரு யுபிஎஸ். பயன்படுத்தியதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று அமேசானின் கிளவுட் தரவுத்தளமான டைனமோடிபிக்கு மாறினோம்.

பழைய சர்வரில் இருந்த தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். அதில் விவசாயி, ரகம், அன்றைய விலை, எடைச்சீட்டு எனப் பதினோரு டேபிள். என்ன கேட்டாலும் ஜாயின் போட்டு, அதாவது டேபிள்களை இணைத்து, எடுத்துவிடலாம் என்ற தைரியம். டைனமோடிபியில் ஜாயினே கிடையாது. பழைய ஞாபகத்தில் சீட்டு எண்ணையே பார்ட்டிஷன் கீயாக, அதாவது பதிவைத் தேடக் கொடுக்க வேண்டிய முதல் அடையாளமாக, வைத்துவிட்டேன். கவுன்டரில் வருபவர்களோ "எனக்கு பாக்கி எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு பதிலுக்கு டேபிள் முழுவதும் ஸ்கேன் ஆகும். வடிகட்டிக் கழித்த பதிவுகளுக்கும் சேர்த்தே பில். முதல் மாத பில்லோடு முதலாளி அறைக்குப் போனதை விவரிக்க விருப்பமில்லை.

பிறகு இரண்டு நாள் கணக்கு பார்க்கும் அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் நோட்டில் எழுதினால், மொத்தம் ஏழே கேள்விகள். விவசாயி எண் பார்ட்டிஷன் கீ, தேதியும் சீட்டு எண்ணும் சேர்ந்து, அவருடைய பதிவுகளை வரிசைப்படுத்தும் சார்ட் கீ என்று திரும்பக் கட்டினோம். ஒருவருடைய சீட்டுகளை எல்லாம் ஒரே ஐட்டத்தில், அதாவது ஒரே பதிவில், திணிக்கும் யோசனையும் வந்தது. ஐட்டம் 400 கேபியைத் தாண்டக்கூடாது. ஒரு சீட்டு சேர்த்தாலும் மொத்த ஐட்டத்தின் அளவுக்கு எழுதும் கட்டணம் விழும். விட்டுவிட்டோம்.

விலையை ஒவ்வொரு சீட்டிலும் நகலெடுத்து வைக்கத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதாதே என்றுதானே படித்தோம்? அண்ணன் சிரித்தார். "தம்பி, பெங்களூரா மாங்கா அன்னிக்கு என்ன விலைன்னு காகிதச் சீட்டுலயே போட்டுத்தானே குடுக்கறோம். நாளைக்கு விலை மாறினா அந்தச் சீட்டு மாறுமா?"

பழைய அமைப்பில் மாறியிருக்கிறது. யாரோ விலை டேபிளில் ஒரு தேதியைத் திருத்த, பணம் பட்டுவாடா ஆன சீட்டுகளின் தொகையும் கூடவே மாறி, விடிய விடிய நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். விலை சீட்டுக்குள் போனது. போன் நம்பர் மட்டும் விவசாயியின் தனி ஐட்டத்தில். அது அடிக்கடி மாறும்.

என்னைக் கேட்டால், எங்கள் அளவுக்கு மைஎஸ்க்யூஎல்லையே கிளவுடில் வைத்திருந்தால் போதும். சீசன் முடிந்ததும் அண்ணன் கேட்டார்: "ஊர்வாரியா, ரகவாரியா எத்தனை டன் வந்துச்சு? போன வருஷத்தோட பார்த்தா எப்படி?" நோட்டில் இல்லாத கேள்வி. சீட்டுகளை எல்லாம் இறக்கி, மூலையில் கிடந்த அதே சர்வரில் ஏற்றி, ஜாயின் போட்டுக் கொடுத்தேன். யுபிஎஸ் இன்னும் அங்கேதான் கத்திக்கொண்டிருக்கிறது.