ஏறுவெயிலுக்கு முன் தூக்குக்குண்டு

கங்கைகொண்டான் சிப்காட்டானாலும் வள்ளியூர்ப் பக்கமானாலும், இரும்பு ஷெட் எழும்பும் இடத்தில் சைட் இன்சார்ஜுக்கு முதல் வேலை காலை 6 மணிக்கே தொடங்கிவிடும். தூண் நேராக நிற்கிறதா என்று அப்போதுதான் பார்க்க வேண்டும். 9 மணிக்குப் பார்த்தால் என்ன என்று புதிதாக வரும் இன்ஜினியர் கேட்பார். கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். 10 மீட்டர் உயரத் தூண், கிழக்கு மேற்காக அதன் அகலம் 400 மி.மீ. கிழக்கு முகத்தில் வெயில் பட்டு மேற்கு முகத்தைவிட 10 டிகிரி கூடினால், சூடான பக்கம் நீண்டு, தூணின் தலை மேற்கே சுமார் 15 மி.மீ. சாயும். அனுமதியோ உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 10 மி.மீ. இல்லாத கோணலைத் திருத்த ஃபிட்டர், பிடிகம்பியை இழுத்து இறுக்கும் டர்ன்பக்கிளை முறுக்குவார். மறுநாள் விடியலில் பார்த்தால் தூண் உண்மையிலேயே கோணலாக நிற்கும். நெல்லை வெயிலில் தூக்குக்குண்டோ தியோடலைட்டோ எதுவானாலும் ஏறுவெயிலுக்கு முன்தான்.

நீளவாட்டிலும் இதே கதை. 100 மீட்டர் ஷெட்டில் இரும்பின் சூடு 20 டிகிரி ஏறினால் 24 மி.மீ. நீளும். காலையில் நுழைந்த போல்ட் மதியம் நுழையவில்லை என்று ஃபேப்ரிகேட்டரைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

வெயிலைச் சமாளித்துவிடலாம். இந்த ஊரில் பெரிய முதலாளி காற்று. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக வரும் மேற்குக் காற்றை நம்பித்தான் முப்பந்தல், தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில்தான் நாம் தூணை நிறுத்துகிறோம். ஒற்றைப் போர்ட்டல் ஃப்ரேம் (இரு தூணும் மேலே ராஃப்டர் என்ற சாய்ந்த உத்திரமும் சேர்ந்த சட்டம்) தன் தளத்துக்குள் உறுதியானது. குறுக்குவாட்டில் அது வெறும் காகித அட்டை. ஆகவே, முதல் இரண்டு ஃப்ரேமையும் நிறுத்தி, இடையில் பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), தூண் பிரேசிங், கூரை பிரேசிங் (ஆடாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பிகள்) எல்லாம் போட்டு, நேர்பார்த்து இறுக்கி ஒரு பெட்டியாக்கிய பிறகே மூன்றாவதைத் தூக்க வேண்டும். மாலையில் வேலை முடிகையில் எந்த ஃப்ரேமும் தனியாக நிற்கக் கூடாது. நின்றே தீரும் என்றால் இருபுறமும் கை-ரோப் (guy rope, சாயாமல் இழுத்துக் கட்டும் கயிறு). 12 மி.மீ. வயர் ரோப்புக்கு முனைக்கு மூன்று கிளிப். கிளிப்பின் அடிக்கட்டையான சேடில் சுமை தாங்கும் கயிற்றின் மேல், யூ-போல்ட் மடங்கி வரும் வெட்டுமுனையின் மேல். இதை மாற்றிப் போட்டால் யூ-போல்ட் சுமைக்கயிற்றை நசுக்கி வலுவைக் குறைத்துவிடும். மாற்றிப் போடாத சைட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் பிரேசிங் ஏன் பின்தங்குகிறது? பில் போடும் முறைதான் காரணம் என்பது என் முடிவு. இரும்பைத் தூக்கி நிறுத்தும் எரெக்ஷன் காண்டிராக்டருக்குக் கூலி டன் கணக்கில். ஒரு ராஃப்டர் 900 கிலோ என்று வைப்போம். கிரேன் ஒரு தரம் தூக்கினால் பில்லில் ஏறிவிடும். 20 மி.மீ. பிரேசிங் ராடு மீட்டருக்கு 2.47 கிலோ, 8 மீட்டர் ராடு 20 கிலோ. ஒரு ராஃப்டரின் காசு வர 45 ராடு மாட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஆள் ஏறி இறங்கி. "ராடு எங்க போகப் போகுது அண்ணாச்சி, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. ராஃப்டரின் கீழ் விளிம்பான ஃப்ளேஞ்சைப் பர்லினோடு பிடிக்கும் ஃப்ளேஞ்ச் பிரேஸ், பர்லின் தொய்யாமல் பிடிக்கும் சாக் ராடு இரண்டுக்கும் இதே கதி. கூரையைக் காற்று மேலே இழுக்கும்போது ராஃப்டரின் கீழ் ஃப்ளேஞ்ச் அமுக்கத்துக்கு ஆளாகிப் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும்; அதைப் பிடித்திருப்பது ஃப்ளேஞ்ச் பிரேஸ் என்ற அந்தச் சின்ன ஆங்கிள் துண்டுதான். பிரேசிங் முடியாத பே-யின் (bay, இரண்டு ஃப்ரேமுக்கு இடைப்பட்ட பகுதி) டன்னேஜைப் பில்லில் சேர்க்கமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

தூணை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருச்சியிலிருந்து தூண் ஏற்றிய டிரெய்லர் கிளம்பும் முன்பே ஒவ்வொரு போல்ட்டின் இடம், லெவல், வெளியே நிற்கும் நீளம் மூன்றையும் அளந்து சிவில்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். தூண் கிரேனில் தொங்கும்போது தவறு தெரிந்தால் அடுத்து நடப்பது சுத்தியல், இல்லையேல் கேஸ் கட்டர். வளைத்த போல்ட்டும் தீயால் பெரிதாக்கிய ஓட்டையும் வெளியே தெரியாது, தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டுக்கு மேல் வாஷர் மூடிவிடும். இதற்கு மருந்தை டிசைனர்தான் எழுதித் தர வேண்டும்.

14 டன் ஹைட்ரா கிரேனுக்குப் பெயரில்தான் 14. கிரேனின் கையை முழுக்க நீட்டித் தாழ்த்தினால் தூக்குவது ஓரிரு டன்தான். லோடு சார்ட் கேபினில் ஒட்டியிருக்கும், படிப்பவர் குறைவு. கயத்தாறுப் பக்கத்துக் கரிசலில் ஒரு மழைக்குப் பின் ஒரு பக்க டயர் இறங்கினாலே வண்டி சாய்ந்து சுமை விலகும், தூக்குதிறன் இன்னும் குறையும். தூக்கும் பாதைக்கு 300 மி.மீ. சரள் அடித்து ரோலர் ஓட்டுவது செலவுதான்; வண்டி கவிழ்ந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சில்லறை. சுமையைக் கட்டித் தூக்கும் சிலிங் இரண்டும் கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றும் சுமையில் 58 சதவீதம் தாங்கும். 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றுக்கும் முழுச் சுமை! சிக்னல் கொடுப்பவர் ஒருவர்தான். சுமை கட்டித் தூக்கும் கலாசிகள் பிகாரோ வங்காளமோ, 'ஹாபீஸ்' என்றால் ஏற்று, 'ஆரியா' என்றால் இறக்கு. பழைய கப்பல்காரர் வாய்மொழி எப்படியோ தரைக்கு வந்து எல்லா மொழிக்காரருக்கும் பொதுவாகிவிட்டது.

ஷீட் வேலைக்குக் காற்றுமானி வேண்டும். கன்னத்தில் பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 1 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம், 0.5 மி.மீ. ஷீட் சுமார் 55 கிலோ. மணிக்கு 36 கி.மீ. காற்று, அதாவது விநாடிக்கு 10 மீட்டர், அந்த ஷீட்டின் முகத்தில் அடித்தால் தள்ளும் விசை 70 கிலோவுக்கு மேல். வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும். மேலே நான்கு பேர் பிடித்தாலும் ஷீட்தான் ஆளை இழுத்துப் போகும். ஆடியில் காலை 10 மணிக்குள் எத்தனை ஷீட் ஏறுமோ அத்தனைதான் அன்றைய வேலை. கட்டுப் பிரித்த ஷீட்டைக் கூரையில் விட்டு இறங்கக் கூடாது; போட்டதற்கு எல்லா ஸ்க்ரூவும், மிச்சத்துக்குக் கயிறு. ஓரமடிப்பு (ஒரு ஷீட்டின் ஓரம் அடுத்ததன் மேல் படியும் இடம்) எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் இங்கே தீராத வழக்கு உண்டு: பலத்த காற்று மேற்கிலிருந்து, பெருமழையோ ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. மடிப்பின் திறந்த வாய் மழை வரும் திசைக்கு மறுபக்கம் இருக்கட்டும், காற்றை ஸ்க்ரூவும் சீலன்ட் டேப்பும் பார்த்துக்கொள்ளும் என்ற கட்சியே சரி என்று தோன்றுகிறது.

கடைசியில் எல்லோரும் மறப்பது கிரவுட், அதாவது பேஸ் பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஊற்றும் கலவை. கூரை மூடி, பெயின்ட் டச்-அப் முடிந்து, கிரேனும் போய்விடும். தூண்கள் இன்னும் ஷிம் என்ற மெல்லிய தகட்டுத் துண்டுகள் மேல் நிற்கும். நேர்பார்த்து இறுக்கிய பே-க்கு அந்த வாரமே, ஷீட் ஏறும் முன், பேஸ் பிளேட்டின் கீழ் சுருங்காத கிரவுட் ஊற்ற வேண்டும். முந்தைய நாளே கான்கிரீட்டை நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றி, மறுபக்கம் பொங்கி வரும்வரை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். இரு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். ஊற்றிய பின் ஈரச்சாக்கு. மதிய வெயிலில் அது அரைமணியில் காய்ந்துவிடும் என்பதால், தண்ணீர் ஊற்ற ஓர் ஆளுக்குத் தனியாகக் கூலி போட வேண்டும்.