சூடான எஞ்சினும் சிவப்புக் கைப்பிடியும்

சிறிய விமானத்தைத் தரையிறக்கி, எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் அடம்பிடிக்கும். இதற்கு ஆளுக்கொரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். எரிபொருள் இப்போது எங்கே நிற்கிறது, சிலிண்டரில் அது கூடுதலா குறைவா, இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மந்திரமே தேவைப்படாது என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

பறக்கும்போது எஞ்சினைக் குளிர வைத்த காற்று, நிறுத்தியதும் நின்றுவிடுகிறது. சிலிண்டர்களின் வெப்பம் முழுக்க மேலே எழுந்து எஞ்சின் மூடிக்குள் தேங்குகிறது. பெரும்பாலான எஞ்சின்களில் சிலிண்டர் பக்கம் எரிபொருளைத் தெளிக்கும் நாசில்களுக்குப் போகும் மெல்லிய குழாய்கள் அந்தச் சூட்டின் நடுவில்தான் கிடக்கின்றன, அதனால் உள்ளே இருக்கும் எரிபொருள் கொதித்து ஆவியாகிறது, கொஞ்சம் நாசில் வழியாக உள்ளேயும் கசிந்துவிடுகிறது. அதாவது குழாயில் குமிழி, சிலிண்டர் பக்கம் ஏற்கெனவே ஈரம்.

லைகாமிங் நிறுவனத்தின் எஞ்சின் என்றால் இதனால்தான் முதல் முயற்சியில் பிரைம் செய்ய (ஸ்டார்ட் செய்யும் முன் எரிபொருளை உள்ளே செலுத்த) வேண்டாம் என்கிறேன். மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு சேரும் எரிபொருளின் அளவை மாற்றும் சிவப்புக் கைப்பிடியை, முழுக்க வெளியே இழுத்து (எரிபொருள் நின்றுவிடும்), சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் மட்டும் திறந்து, ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். ஏற்கெனவே கசிந்திருப்பதில் எஞ்சின் பற்றிக்கொள்ளும், பற்றிய அந்த நொடியில் மிக்ஸ்சரை அவசரப்படாமல், ஆனால் தயங்காமல் முன்னே தள்ள வேண்டும். அப்புறமும் இருமினால் மின்சாரத்தில் ஓடும் துணை எரிபொருள் பம்பான பூஸ்ட் பம்பைச் சில நொடிகள் போட்டுக் குமிழிகளைத் தள்ளிவிடலாம். சிலிண்டரில் எரிபொருள் அளவுக்கு மீறி நிரம்பிவிட்டது என்று சந்தேகம் வந்தால் மிக்ஸ்சர் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறப்பு, பற்றியதும் உடனே த்ராட்டிலை இழுத்துக்கொண்டு மிக்ஸ்சரை உள்ளே.

கான்டினென்டல் நிறுவனத்தின் எஞ்சின் பலவற்றில் இன்னொரு வசதி உண்டு. டேங்குக்குத் திரும்பும் குழாய் இருப்பதால், மிக்ஸ்சரை மூடிவைத்துப் பூஸ்ட் பம்பை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓட்டினால் சூடான எரிபொருள் வெளியேறி, குளிர்ந்தது வந்து பம்பை நிரப்பும். லைகாமிங்கில் பொதுவாகக் காணும் பெண்டிக்ஸ் வகை அமைப்பில் திரும்பும் குழாய் இல்லை, அங்கே இது பலிக்காது. உங்கள் விமானத்தின் கையேடு வேறு முறை சொன்னால் அதுதான் சரி. ஸ்டார்ட்டரையும் நீளமாக அரைக்காதீர்கள், சூட்டில் அதுதான் முதலில் போகும்.

சரி, எஞ்சின் ஓடிவிட்டது. இப்போதுதான் பலர் விட்டுவிடும் வேலை: தரையிலேயே மிக்ஸ்சரை நன்றாகக் குறைக்க வேண்டும். ஐடில் வேகத்தில் இந்த எஞ்சின்கள் வேண்டுமென்றே எரிபொருள் கூடுதலாகவே அமைக்கப்படுகின்றன. இவற்றுக்கு ஊற்றும் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அந்த ஈயத்தை வெளியேற்றுவதற்கென்று சேர்க்கும் வேதிப்பொருள் வேலை செய்யச் சூடு வேண்டும், மெதுவாக ஓடும் எஞ்சினில் அது கிடைப்பதில்லை. கீழ்ப்பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும், பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவில் கடுகளவு சாம்பல் நிற உருண்டைகள் இறுக்கமாகச் செருகிக்கொண்டிருக்கும், ஊசி போன்ற கருவியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு குறைப்பது? 1000 முதல் 1200 ஆர்பிஎம் வரை வைத்துக்கொண்டு, வேகம் கொஞ்சம் ஏறி மறுபடி விழத் தொடங்கும்வரை இழுங்கள். த்ராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் தடுமாறி நிற்கப் பார்க்க வேண்டும், அதுதான் அளவு. அரைகுறையாகக் குறைப்பதுதான் ஆபத்து. மறந்துபோய் அப்படியே ஓடுபாதையில் முழு சக்தி கொடுத்தால் எஞ்சின் ஓடும், ஆனால் டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் வெடித்து எஞ்சினைச் சேதப்படுத்துவது) வரக்கூடிய கலவையில் ஓடும். நன்றாகக் குறைத்திருந்தால் அது புறப்படவே விடாது. தரையில் இந்தக் குறைந்த சக்தியில் எவ்வளவு இழுத்தாலும் எஞ்சினுக்குக் கேடில்லை.

புறப்படும் முன் எஞ்சினைச் சோதிக்கும் ரன்-அப்பில், பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மாக்னெட்டோ ஒன்றில் கரகரப்பு வந்தால், 1800-2000 ஆர்பிஎம்மில் மிக்ஸ்சரைக் குறைத்துச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பிளக் சுத்தமாகிவிடும். ஆகாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

நிறுத்தும்போது மிக்ஸ்சரை மெதுவாக இழுத்து ஆர்பிஎம்மைக் கவனியுங்கள். அணைவதற்கு முன் 25 முதல் 50 வரை ஏறினால் ஐடில் கலவை சரியாக இருக்கிறது. அதைவிட நிறைய ஏறினாலோ, ஏறாமலேயே அணைந்தாலோ, அடுத்த பராமரிப்பு வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.